வயர் வைத்ததும் வயர் இல்லாததும்

செருப்பு கடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குக் காலே கடித்தது.

வலது காலில் முட்டிக்குக் கீழே ஒரு சாண் நீளம் விட்டுவிட்டு மீதியை வேலூரில் எடுத்துவிட்டார்கள். புளி ஏற்றிய வண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்து மலை இறங்கினேன், ஒரு வளைவில் வண்டி சாய்ந்தது, அவ்வளவுதான். அதை உட்கார்ந்து அழுது எழுத எனக்குப் பொறுமை கிடையாது. பொறுமை என்கிற சாமானே என்னிடம் என்றைக்கும் இருந்ததில்லை. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் என்றுதான் சின்ன வயதிலிருந்தே என்னைச் சொல்வார்கள். ஒரு கால் போன பிறகாவது அடங்குவாள் என்று வீட்டில் சிலர் எதிர்பார்த்தார்கள். மிச்சமிருந்த காலிலும் வெந்நீர்தான். இதைக்கூட ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதவில்லை. நாலு வரி எழுதினால் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

புண் ஆறியதும் ஒரு கால் செய்து கொடுத்தார்கள். மேலே வழவழவென்று பிளாஸ்டிக்கில் ஒரு கூடு. மிச்சக் காலுக்கு உறை மாட்டி அதற்குள் இறக்க வேண்டும். கூட்டுக்குக் கீழே குழாய், குழாய்க்குக் கீழே ரப்பர் பாதம். பாதத்தில் ஐந்து விரல், விரலுக்கு நகம்கூட உண்டு. ஊருக்கு வந்த அன்றே அந்த நகங்களுக்கும் சிவப்பு பாலிஷ் போட்டுவிட்டேன்.

நல்ல கால்தான், குறை சொல்லக்கூடாது. நடக்கலாம், நிற்கலாம், பஸ் ஏறலாம், நாற்காலியில் கல்யாணப் பெண் மாதிரி உட்காரலாம். குந்த மட்டும் முடியாது. முட்டியை முழுதாக மடக்கினால் கூட்டின் பின்விளிம்பு முட்டிக்குப் பின்னால் இருக்கிற நரம்பில் ஏறிக் கடிக்கும். தரையில் குந்துவது மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரர்களுக்கு வேண்டுமானால் மறந்துபோயிருக்கலாம். எங்கள் ஜவ்வாது மலையில் குந்தாமல் என்ன வேலை இருக்கிறது? அடுப்பு, களை, புளி உடைப்பது, சாமை அறுப்பது, ஊர்க்கதை பேசுவது எல்லாமே குந்தித்தான். கால் செய்தவர்களைக் கேட்டால் நாற்காலி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. சாமைக் கொல்லையை அவர்கள் பார்த்ததில்லை.

போன வருஷம் அறுப்புக்கு என் ஓரகத்தி எனக்கு நாற்காலி போட்டாள். கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாய் எனக்குச் சமமாக நீளம். என் கொல்லையின் ஓரத்தில், பலா மரத்தடியில், நீல பிளாஸ்டிக் நாற்காலி. என் கண்ணெதிரே என் சாமையை மற்றவர்கள் அறுத்தார்கள். டீ வந்தபோது முதல் டம்ளர் எனக்கு. விருந்தாளிக்குத்தானே முதல் டம்ளர்? அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டீயைத் தொடவே இல்லை.

இந்த வருஷம் பேச்சு வேறு மாதிரி வந்தது. கணவருக்கு வயரிங் வேலை. விவசாயம் எப்போதும் என் பாடு. நான் இறங்கிப் பார்க்க முடியாவிட்டால் கொல்லையை அக்கா வீட்டுக்கே வாரத்துக்கு விட்டுவிடலாம், பாதி தானியம் வரும், நீயும் நிம்மதியாக இருக்கலாம் என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார். அக்காவும் சரி என்றுவிட்டாள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். இந்த அறுப்பை நான் குந்தி அறுக்கிறேன், அறுத்துவிட்டால் வாரம் என்கிற பேச்சே எடுக்கக்கூடாது, முடியாவிட்டால் நானே கூப்பிட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். ரோஷத்தில் சொன்னதுதான். சொன்ன பிறகு, குந்த வேண்டுமே என்கிற பயம் வந்தது.

கூட்டின் பின்விளிம்பைக் கொஞ்சம் தேய்த்தால் போதும் என்று வேலூரில் கால் செய்யும் தம்பி சொல்லியிருந்தார். போன தடவை என் கண்ணெதிரேயே கொஞ்சம் தேய்த்தும் கொடுத்தார். பேனா பருமனுக்கு ஒரு மெஷின், நுனியில் உப்புத்தாள் சுற்றிய சின்ன உருளை. விர்ரென்று சுற்றியது, பிளாஸ்டிக் மாவாக உதிர்ந்தது. ஒரேயடியாக எடுக்க மாட்டாராம். கொஞ்சம் எடுத்து, சில வாரம் நடந்து பார்த்து, மறுபடி வர வேண்டுமாம். எதுவரைக்கும் எடுக்கலாம் என்று கூட்டின் பின்பக்கம் கறுப்பு மார்க்கரில் ஒரு கோடு போட்டார். அதற்குக் கீழே போனால் கால் கூட்டுக்குள் நிற்காது, ஆடும், புண்ணாகும், புதுக் கூடுதான் செய்ய வேண்டும். அந்தக் கோட்டுக்கும் விளிம்புக்கும் இடையில் ஒரு விரற்கடை இருந்தது. என் அறுப்பு முழுக்க அந்த ஒரு விரற்கடைக்குள் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடவையும் வேலூர் போவது என்றால் ஜமுனாமரத்தூர் வந்து, போளூர் இறங்கி, அங்கிருந்து பஸ் மாறி, போய்ச் சேருவதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிடும். அங்கே நாற்காலியில் உட்காரவைத்து, சிமெண்ட் தரையில் நடக்கவிட்டு, சரியாக இருக்கிறதா என்பார்கள். அங்கே சரியாகத்தான் இருக்கும். கொல்லைச் சரிவில் அரிவாளோடு குந்தினால்தானே கடிக்கிறது? சாமைக் கதிர் பச்சை விட்டு வெளுக்கத் தொடங்கியிருந்தது. எனக்கு இருப்பு கொள்ளவில்லை. நாமே அந்த மெஷினை வாங்கினால் என்ன என்று கேட்டேன்.

ரோட்டரி டூல் என்று பெயராம். கணவர் போனில் தேடி எடுத்தார். அன்றையிலிருந்து இரண்டு பேரும் சோறு தின்னும்போதெல்லாம் அந்த வீடியோக்களைத்தான் பார்த்தோம். ஒருவன் கண்ணாடி டம்ளரில் பூ செதுக்குகிறான். ஒருவன் துருப்பிடித்த போல்ட்டை அறுக்கிறான். ஒரு பெண் நாய்க்கு நகம் தேய்க்கிறாள், நாயும் காட்டிக்கொண்டிருக்கிறது. தன் காலைத் தானே தேய்க்கிற ஆள் ஒருவரும் அகப்படவில்லை. அது போகட்டும். வயர் வைத்து பிளக்கில் செருகுவது ஒரு ரகம், பேட்டரியில் ஓடுவது ஒரு ரகம். எதை வாங்குவது என்பதில் ஆரம்பித்தது சண்டை.

அவர் அதிர்ந்து பேசமாட்டார். அதிராமலே பிடிவாதம் பிடிப்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதைக்கூடச் சாந்தமாகச் சொல்வார்.

“கரண்ட்ல ஓட்றதுதான் மெஷினு. பேட்ரில ஓட்றதெல்லாம் பொம்ம” என்றார்.

அவர் சொன்ன காரணங்களை மறைக்கக்கூடாது, எல்லாம் நியாயமானவைதான். பேட்டரி ரகத்துக்குத் திராணி குறைவு, கொஞ்சம் அழுத்தினால் நின்றுவிடும். வேலை பாதியில் இருக்கும்போது சார்ஜ் தீரும். சில வருஷத்தில் பேட்டரி உப்பிக்கொண்டால் அதே பேட்டரி கடையில் கிடைக்காது, மெஷினையே தூக்கிப்போட வேண்டும். வயர் வைத்ததில் பேட்டரி எடை கிடையாது, கைக்கு லேசு, நாள் முழுக்க ஓடும், அவர் வேலைக்கும் ஆகும். பேட்டரிக்கும் சார்ஜ் போடக் கரண்ட்தானே வேண்டும், அதை மலைக்காற்றிலா போடுவாய் என்று கடைசியாக ஒரு குத்து வேறு.

என்னிடம் இருந்தது ஒரே காரணம். கடிக்கிற இடம் கொல்லையில்தான் தெரியும், அதனால் தேய்ப்பதும் கொல்லையில்தான் நடக்க வேண்டும். குந்திப் பார்த்து, கழற்றித் தேய்த்து, மறுபடி மாட்டிக் குந்திப் பார்க்க வேண்டும். வீட்டுக்கும் கொல்லைக்கும் நடந்து நடந்து தேய்த்தால் தேயப்போவது நான்தான். உங்கள் மெஷினைக் கொல்லைக்குக் கொண்டுவர எத்தனை கம்பம் நட்டு வயர் இழுப்பீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். சிரித்தாரே தவிர, அடுத்த வாரம் திருப்பத்தூர் போனவர் வயர் வைத்ததைத்தான் வாங்கிவந்தார். வீட்டில் அளவாகக் குறித்துக்கொண்டு ஒரே மூச்சில் தேய்த்துவிடலாம், நீ எதற்குக் கவலைப்படுகிறாய் என்றார்.

அதற்கடுத்து நடந்ததைச் சொல்ல எங்கள் ஊர்க் கரண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு மாவு மில் உண்டு. அது ஓடும்போது மற்ற வீடுகளில் ஃபேன் தூங்கி வழியும், டியூப் லைட் கண்ணை மூடி மூடித் திறக்கும். அதனால் எங்கள் வீடுகளில் எந்த ரெகுலேட்டரையும் கடைசிவரை திருகி வைப்பதுதான் பழக்கம். ஃபேன் எப்போதும் ஐந்தில். ஐந்தில் வைத்தால்தான் இரண்டுக்கு உண்டான காற்று வரும். மில் நின்றதும் ஃபேன் பேய் பிடித்ததுபோல் சுற்றும். யாராவது எழுந்து குறைப்போம். பிறந்ததிலிருந்து இப்படியே பழகிய கை. வயரிங்காரர் கையும் இந்த ஊர்க் கைதானே.

ஒரு மத்தியானம் காலைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நானே செய்கிறேன் என்றதற்கு முதல் தடவை தான் பிடித்துக் காட்டுவதாகச் சொன்னார். கூட்டைத் தொடையிடுக்கில் இறுக்கிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு மெஷினைப் போட்டார். மில் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் சோம்பேறித்தனமாகச் சுற்றியது, பிளாஸ்டிக்கை வருடிக் கொடுத்தது. அவர் கட்டை விரலால் வேகத் திருகைக் கடைசிவரை தள்ளினார். யோசித்துச் செய்ததில்லை. இப்போது ஏதோ கொஞ்சம் தேய்ந்தது. மெதுவாக, அழகாகத்தான் தேய்த்துக்கொண்டு வந்தார்.

மில் நின்றது.

மில்காரர் சாப்பிடப் போகிற நேரம் அது. டியூப் லைட் பளிச்சென்றது, மெஷின் கையில் வீறிட்டது. அந்த வேகத்தில் பிளாஸ்டிக் மாவாக உதிரவில்லை, உருகியது. உருகி உருளையில் சுற்றிக்கொண்டு இழுத்ததில் மெஷின் துள்ளிக் கூட்டின் ஓரத்தில் இறங்கிவிட்டது. அவர் சுவிட்சை அணைப்பதற்குள் விளிம்பில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம். வீடெல்லாம் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். பள்ளத்தின் அடி கறுப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது.

நான் என்னென்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். தெருவுக்குக் கேட்டிருக்கும். கையில் கால் இருந்தால் எழுந்துபோயிருப்பேன், அதுவும் அவர் மடியில் கிடந்தது. கட்டிலில் உட்கார்ந்த இடத்திலேயே கத்தினேன், கத்தி முடித்து அழுதேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்றிருந்தது. அவர் வயரைச் சுற்றி, மெஷினை அதன் பெட்டியில் வைத்துப் பரண்மேல் போட்டுவிட்டு வெளியே போனார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

வேலூர்த் தம்பிக்குப் போட்டோ அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். நடுவில் தாண்டியிருந்தால் வேறு கூடுதான், ஓரமாக இருப்பதால் பிழைத்தது என்றார். ஆனால் பள்ளத்தின் மூலை கூராக இருக்கிறதாம். அப்படியே மாட்டி நடந்தால் அந்த மூலையிலிருந்து கீறல் ஓடிக் கூடு பிளந்துவிடுமாம். மூலையை மழுக்கி வளைவாக்க வேண்டும், அதுவரை மாட்டவே கூடாது. தான் முகாமுக்கு வெளியூர் போவதாகவும், நான் அடுத்த மாதம்தான் வர வேண்டும் என்றும் சொன்னார். அடுத்த மாதம் சாமை கொல்லையில் இருக்காது. கொட்டிப்போயிருக்கும், இல்லாவிட்டால் அக்கா வீட்டுக் குதிரில் இருக்கும். நானே மழுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நான் விடவில்லை. கடைசியில் அவர் சொன்னது இதுதான்.

“பண்ணியே தீருவேன்னா, வேகமே வெக்காதீங்கம்மா. இருக்கறதுலயே கம்மி வேகம். அழுத்தாதீங்க. சூடாச்சின்னா நிறுத்திடுங்க.”

போனை வைத்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. அழுத்தினால் நின்றுவிடும் என்று எங்கள் வீட்டில் எதைக் குறையாகச் சொன்னோமோ, அந்தக் குறைதான் எனக்கு வேண்டியது. மில் நின்றால் எகிறாத, அழுத்தினால் மடங்கி நின்றுவிடுகிற மெஷின். அது பேட்டரியில்தான் ஓடும்.

மறுநாள் கணவர் வேலைக்குப் போனதும் காலைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கக்கத்தில் கட்டை ஊன்றி, ஆலங்காயம் வழியாகப் போகிற திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பைக்கு மேலே பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மா அந்தச் சிவப்பு நகங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையை நகர்த்தி வைக்கட்டுமா என்று கேட்கவும் பயந்து ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள். கீழே இறங்க இறங்கக் காது அடைத்தது. வளைவுக்கு வளைவு கம்பியை இறுக்கிப் பிடித்தேன். அந்த விபத்துக்குப் பிறகு தனியாக மலை இறங்கியது அன்றைக்குத்தான்.

திருப்பத்தூர் ஹார்ட்வேர் கடைக்காரர் முதலில் ஆம்பளை யாரும் வரவில்லையா என்று எனக்குப் பின்னால் பார்த்தார். பிறகு வயர் வைத்ததை எடுத்துக் காட்டி, இதுதான் ஓடுகிறது, வீட்டுக்கு இதுவே போதும் என்றார். நான் பேட்டரி ரகம் கேட்டேன். இருக்கிறதிலேயே குறைந்த வேகம் எவ்வளவு, அழுத்தினால் நிற்குமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“எல்லாரும் நிக்காத மெஷின் கேப்பாங்க. நீங்க இன்னாம்மா நிக்கிற மெஷின் கேக்கறீங்க?”

பையிலிருந்து காலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பெயிண்ட் வாங்க வந்த ஒருவர் தள்ளி நின்றார். கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பெட்டியைப் பிரித்து உருளையை மாட்டிக் கொடுத்தார். எடை கூடத்தான்; பேட்டரி மணிக்கட்டை இழுத்தது. கணவர் சொன்னது சரி. குறைந்த வேகத்தில் போட்டுப் பள்ளத்தின் மூலையில் வைத்தேன். முதல் தடவை பயத்தில் அழுத்திவிட்டேன், மெஷின் முனகிக்கொண்டு நின்றது. அப்படி நின்றதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட வாடிக்கையாளரை அந்தக் கடை பார்த்திருக்காது. அப்புறம் தொட்டும் தொடாமலும் வைத்தேன். மாவு உதிர்ந்தது. ஊதிவிட்டு விரலால் தடவிப் பார்த்தேன், மறுபடி வைத்தேன். மூலை மழுங்கி வளைவாகும்வரை கடைக்காரர் வேறு யாருக்கும் சாமான் எடுத்துக் கொடுக்கவில்லை. அங்கேயே காலை மாட்டிக்கொண்டு, கட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பெட்டியைப் பார்த்தார். சார்ஜரை எடுத்துக்கொண்டு போய் ஸ்டெபிலைசர் இருக்கிற பிளக்கில் அவரே செருகினார். பச்சை விளக்கு எரிகிறதா என்று எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுப்பு நாள் வந்தது. விடிந்ததும் அரிவாள், தண்ணீர், மெஷின் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவரும் வேலைக்குப் போகாமல் கூட வந்தார். அக்காவும் இன்னும் நாலைந்து பேரும் ஏற்கனவே மேல்பக்கம் அறுக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் கீழ்ச் சரிவில் ஒரு வரிசை பிடித்துக் குந்தினேன். கடித்தது. விளிம்பு எங்கே ஏறுகிறது என்று விரலை விட்டுப் பார்த்துக்கொண்டேன். பாறைமேல் உட்கார்ந்து கழற்றித் தேய்த்து மாட்டினேன். மறுபடி குந்தினால் கடித்தது, ஆனால் வேறு இடத்தில். கழற்றித் தேய்த்து மாட்டினேன்.

“புடிச்சிக்கட்டா?” என்றார் கணவர்.

சரி என்றேன். எனக்கெதிரே உட்கார்ந்து கூட்டை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். மெஷினைத் தொடவே இல்லை. கோடு இன்னும் இவ்வளவு இருக்கிறது, போதும், இப்போது ஊதிப் பார் என்று மட்டும் சொல்வார். நான் கத்திய கத்தலுக்கு வேறொருவராக இருந்தால் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார். எனக்கு அவரைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது, பாசமாகவும் இருந்தது. இரண்டையும் சொல்லாமல் ஒழுங்காகப் பிடியுங்கள் என்று அதட்டினேன்.

ஒரு தடவை மேலேயிருந்து அக்கா எட்டிப் பார்த்து, அறுக்க வந்தவள் அரிவாளைத் தீட்டுவாள், இவள் காலைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பயம்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, என் வரிசை தொட்ட இடத்திலேயே நின்றது, பேட்டரி விளக்கில் ஒரு புள்ளி குறைந்துவிட்டது. விளிம்பு கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவையும் கடித்தால் தேய்க்க இடமில்லை. அவ்வளவுதான், கொல்லையை அக்காவிடம் கொடுக்க வேண்டியதுதான்.

மாட்டிக்கொண்டு வரிசைக்கு வந்தேன். ரப்பர் பாதத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்து, இடது குதிகாலில் பாரம் போட்டு மெதுவாக இறங்கினேன். இறங்கினேன், இன்னும் இறங்கினேன். அழுத்தியது, கடிக்கவில்லை. ஒரு பிடி சாமையைப் பிடித்து அறுத்தேன். அடுத்த பிடி. நகர்ந்தேன். நகரும்போது கொஞ்சம் ஆடியது, பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டேன். அவர் மெஷினைத் துண்டில் சுற்றி வைத்துவிட்டு, பக்கத்து வரிசையில் குந்தினார். மத்தியானத்துக்குள் மற்றவர்கள் அறுத்ததில் பாதிகூட நான் அறுக்கவில்லை. இடுப்பு விட்டுப்போனது, இடது தொடை நடுங்கியது. நடுவில் எழுந்து எழுந்து நின்றேன். ஆனால் என் வரிசையை நான்தான் முடித்தேன். வாரம் என்கிற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. டீ வந்தபோது கடைசி டம்ளர்தான் கிடைத்தது, அதுவும் ஆறிப்போய்.

வீட்டுக்கு எது வாங்கலாம் என்று இப்போது யாராவது கேட்டால் நான் ஒரே பதில் சொல்வதில்லை. பரண்மேல் போட்ட வயர் மெஷினை அவர் இறக்கிக்கொண்டு போய்விட்டார்; சுவரில் சுவிட்ச் பெட்டிக்கு இடம் அறுக்க அதற்கு நிகர் கிடையாது என்கிறார், இருக்கட்டும். பிளக் பக்கத்தில் நின்று செய்கிற வேலைக்கு அது. ஆளோடு அலைகிற வேலைக்கு இது. எதை வாங்கினாலும் வேகத் திருகில் கை வைக்குமுன் உங்கள் ஊர் மில் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள், அவ்வளவுதான் நான் கற்றது.

அன்றைக்கு அறுப்பு முடிந்ததும் கதிர்க் கட்டுகள் களத்துக்குப் போயின. எங்கள் களம் கொல்லைக்கு மேலே, பாறையை ஒட்டி, சாணம் போட்டு மெழுகிய மேடை. அதன்மேல் செருப்போடு யாரும் ஏறமாட்டார்கள். தானியம் விழுகிற இடம். செருப்பைக் கீழே விட்டுவிட்டு, குடத்துத் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டுதான் ஏறவேண்டும். நானும் ஒரு சின்னக் கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் வந்தேன். சுமையை இறக்கி வைத்துவிட்டு இடது செருப்பை விட்டேன், வலது செருப்பையும் விட்டேன். குடத்துக்குக் கிட்டே வந்ததும்தான் நின்றுவிட்டேன்.

அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. இது பட்டறையில் செய்த ரப்பர். பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கக்கூசிலும் மிதித்து வந்தது. இது காலா, செருப்பா? செருப்பென்றால் கழற்ற வேண்டும். கழற்றினால் நான் எப்படி ஏறுவது? கொல்லையில் இறங்கி அறுத்துவிட்டு, களத்துக்கு வெளியே நின்று பார்க்கவா இவ்வளவு பாடும்? பேசிக்கொண்டே ஏறியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் பாதத்தைப் பார்த்தார்கள். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கண்ணால் நிறுத்தினேன். எனக்காக யாராவது பரிந்து பேசி ஏறுவதற்கு ஏறாமலே இருந்துவிடலாம்.

அக்கா மேடைமேல் குனிந்து கதிரைப் பரப்பிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் காலையும் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

“இன்னாமே நின்னுகினு கீற? கால கழுவிகினு ஏறு. பின்னால ஆளு நிக்கிது.”

சொம்பில் மொண்டு இடது காலில் ஊற்றினேன். இன்னொரு சொம்பு மொண்டு வலது காலில் ஊற்றி, விரலிடுக்கில் இருந்த கொல்லை மண்ணைக் கட்டை விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பின்னால் தலைச்சுமையோடு ஆட்கள் நின்றார்கள். ஏறிவிட்டேன்.